பதினாறு மணி நேர வீடு

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. நான் டூட்டிக்குக் கிளம்பும்போது அதில் என்ன தேதி இருந்ததோ, திரும்பி வரும்வரை அதே தேதிதான் இருக்கும், யாரும் கிழிக்க மாட்டார்கள். அம்மாவுக்கு ராகு காலம் பார்க்க வேண்டுமென்றால் மேல் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் இருப்பதைப் படிப்பார். நான் வந்து குளித்து, காபி குடித்துவிட்டு, சேர்ந்துபோன இரண்டு மூன்று தாள்களை மொத்தமாகக் கிழிப்பேன். கல்யாணமான புதிதில் என் மனைவி ஆரம்பித்து வைத்த பழக்கம் இது. நான் போன தேதி, வந்த தேதி இரண்டும் தெரிந்தால் ரயில் ஓட்டிய தூரத்துக்குக் கிடைக்கும் கிலோமீட்டர் அலவன்ஸ் கணக்கு எழுத வசதி என்றுதான் அப்போது சொன்னாள். கணக்கு எழுதுவதெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய் ரொம்ப வருஷமாகிவிட்டது, ஆனாலும் காலண்டரை இன்னும் நான்தான் கிழிக்கிறேன்.

நான் ஈரோட்டில் கூட்ஸ் வண்டி லோகோ பைலட், அதாவது இன்ஜின் டிரைவர். 2001-ல் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தேன். கூட்ஸ் வண்டிக்கு டைம் டேபிள் கிடையாது, அதனால் எங்களுக்கும் கிடையாது. இன்று ராத்திரி 11 மணிக்கு சைன் ஆன், அதாவது டூட்டியில் ஏறுவது என்றால் நாளை மதியம் 2 மணிக்கு, அடுத்த முறை விடியற்காலை 4 மணிக்கு. எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்துவிட்டு ஹெட்குவார்ட்டர்ஸான ஈரோட்டுக்குத் திரும்பினால் 16 மணி நேர ரெஸ்ட் உண்டு. வெளியூரில் நாங்கள் தங்கும் ரன்னிங் ரூமில் என்றால் எட்டு மணி நேரம். மாதத்துக்கு நான்கு முறை 30 மணி நேரமோ ஐந்து முறை 22 மணி நேரமோ பீரியாடிக் ரெஸ்ட் என்ற நீண்ட ஓய்வு வரும். மற்றபடி என் குடும்ப வாழ்க்கை முழுக்க அந்தப் பதினாறு பதினாறு மணி நேரத் துண்டுகளாகத்தான் நடந்திருக்கிறது. அதில் தூக்கத்துக்கு ஏழு மணி நேரம், டூட்டிக்கு வரச்சொல்லும் அழைப்பு, எங்கள் பேச்சில் ‘கால்’, வந்ததும் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம். மிச்சம் ஏழு மணி நேரம் வீடு. அந்த ஏழு மணி நேரம் பகலில் விழுமா ராத்திரியில் விழுமா, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது விழுமா என்பது எந்த வண்டி எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது.

கல்யாணமானபோது ஈரோடு, பாலக்காடு ரயில்வே கோட்டத்தில் இருந்தது. சேலம் கோட்டம் 2007-ல்தான் வந்தது. அதனால் ரயில்வே காலனியில் எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு மலையாளி டிரைவர் குடும்பம். அந்த வீட்டுச் சேச்சிதான் என் மனைவிக்கு இந்த வாழ்க்கையைச் சொல்லிக்கொடுத்தவர். முதல் பாடம் ஜன்னல். பகலில் தூங்குகிறவனுக்கு வெளிச்சம் ஆகாது என்று சொல்லி, ஒரு பழைய கறுப்புப் போர்வையை ஜன்னல் அளவுக்குக் கத்தரித்து, நான்கு மூலையிலும் ஆணி அடித்து மாட்டுவதற்குக் காது தைத்துக் கொடுத்தார். இரண்டாவது பாடம், டூட்டி அழைப்பைக் கொண்டுவந்து வீட்டுக் கதவைத் தட்டும் ‘கால் பாய்’ என்ற ஆளைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்பது. அப்போதெல்லாம் அழைப்பு எழுதிய ‘கால் புக்’கை எடுத்துக்கொண்டு அவர் சைக்கிளில் வருவார், நள்ளிரவானாலும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த மனுஷனும் தூக்கம் கெட்டுத்தான் வந்திருக்கிறார், ஒரு வாய் தண்ணியாவது கொடு என்பார் சேச்சி. இப்போது போனில் மெசேஜ் வந்துவிடுகிறது.

அந்தக் கறுப்புப் போர்வை அறைக்குள் நான் தூங்கும்போது வீடே மூச்சை அடக்கிக்கொள்ளும். என் மனைவி காலிங் பெல் ஸ்விட்சை அணைத்து வைப்பாள். மிக்ஸி ஓடாது, குக்கர் விசில் வரும் முன்பே அடுப்பைக் குறைத்துவிடுவாள். மூத்த மகள் நடக்கப் பழகிய காலத்தில் குழந்தையின் கொலுசைக்கூடக் கழற்றி வைத்திருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எனக்காகத்தான் இவ்வளவும். ஆனால் எனக்கோ தூக்கம் வராது. இன்ஜின் கேபினில் எட்டு ஒன்பது மணி நேரம் புளோயர் சத்தத்தையும் சக்கரச் சத்தத்தையும் கேட்டுவிட்டு வந்த காதுக்கு, அந்த அமைதி ஆளில்லாத வீடு மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, எல்லோரும் எங்கே போய்விட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். இதை அவளிடம் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆனது. அவ்வளவு பாடுபட்டுச் செய்கிறவளிடம் எப்படிச் சொல்வது?

ஒருநாள் மதியம் தூக்கம் பிடிக்காமல் எழுந்து வந்தேன். இட்லிக்கு ஊறவைத்த அரிசியும் உளுந்தும் கிரைண்டர் பக்கத்தில் அப்படியே இருந்தன, அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்தபிறகு ஆட்டலாம் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். “ஏனுங்க, தூங்கலீங்களா?” என்றாள். “நீ மாவு ஆட்டு, நான் தூங்கறேன்” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். கிரைண்டரைப் போட்டாள். கல் உருளும் அந்தச் சத்தம், நடுவில் நடுவில் அவள் கையால் மாவைத் தள்ளிவிடுவது, தண்ணீர் தெளிப்பது, அம்மா கொல்லையில் யாரிடமோ பேசுவது, மூத்தவள் எதையோ கீழே போட்டுவிட்டுச் சிரிப்பது... எப்போது தூங்கினேன் என்றே தெரியாது. எழுந்தபோது இருட்டிவிட்டது, மாவு பொங்கத் தொடங்கியிருந்தது. குடும்ப சந்தோஷம் எது என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வீடு என்னைச் சுற்றித் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்க, அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவது. தீபாவளி பொங்கலுக்கெல்லாம் பாதி வருஷம் நான் வீட்டில் இல்லை. அது குறைதான், ஆனால் அந்தக் கிரைண்டர் சத்தத்தில் எனக்குக் கிடைத்ததைப் பார்க்கும்போது பெரிதாகத் தோன்றவில்லை.

வண்டியோடு போகும் ஊழியர்களான ரன்னிங் ஸ்டாஃபின் குடும்பங்களைக் கூப்பிட்டு அவ்வப்போது கூட்டம் நடத்துவார்கள். வீட்டில் நன்றாகத் தூங்க விடுங்கள், கிளம்பும் நேரத்தில் பண விஷயம், உறவுக்காரர் விஷயம் பேசாதீர்கள், சண்டையோடு அனுப்பாதீர்கள் என்று எடுத்துச் சொல்வார்கள். சரியான பேச்சுத்தான். 58 வேகன், கிட்டத்தட்ட 5,000 டன், 600 மீட்டருக்கு மேல் நீளம். அதை இழுத்துப் போகிறவன் மனசு வேறெங்காவது இருந்து, ஒரு சிவப்பைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்பது எங்களுக்கும் தெரியும். அப்படி ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த என் மனைவி, அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது, பின் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து, “அவருக்கு ரெஸ்ட் நாங்க தர்றோம், எங்களுக்கு ரெஸ்ட் யாருங்க தருவாங்க?” என்று கேட்டதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த தோசையைத் திருப்பினாள். அது எனக்குள் தங்கிவிட்டது. என்னுடைய ஓய்வு மணி நேரம் ஒவ்வொன்றும் அவளுடைய வேலை மணி நேரம் என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. அதற்கப்புறம்தான் யூனிஃபார்மை நானே துவைக்க ஆரம்பித்தேன், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, கேஸ் புக் பண்ணுவது, ரேஷன் இதெல்லாம் என் பக்கம் வந்தது.

சந்தகையும் அப்படித்தான் வந்தது. கொங்கு நாட்டு வீடுகளில் சந்தகை ஒரு ஆள் செய்கிற பலகாரம் இல்லை. புழுங்கலரிசியை ஊறவைத்து ஆட்டி, இட்லியாக வேகவைத்து, சூடு ஆறும் முன்பே மெஷினில் போட்டு அழுத்த வேண்டும், ஆறிவிட்டால் இறங்காது. அவள் வெந்த இட்லியைத் துணியிலிருந்து எடுத்து ஆவி பறக்கப் போடுவாள், நான் மெஷினின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவேன், கீழே தட்டைப் பிடித்துக்கொண்டு சின்னவள் உட்கார்ந்திருப்பாள், இழை விழ விழத் தட்டை மெல்லத் திருப்ப வேண்டியது அவள் பொறுப்பு. அம்மா இன்னொரு பக்கம் தேங்காய்ப்பால் பிழிவார். இருபது நிமிஷ வேலை. நான்கு பேரும் ஒரே இடத்தில், ஒரே காரியத்தில், ஒருவர் கை நின்றால் மற்றவர் கையும் நிற்கும்படி. பீரியாடிக் ரெஸ்ட் வந்தால் எங்கள் வீட்டில் சந்தகை என்பது எழுதாத சட்டம். தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றி ஒன்று, எலுமிச்சம்பழம் பிழிந்து தாளித்தது ஒன்று. மிச்சமானது நான் டூட்டிக்கு எடுத்துப்போகும் லைன் பாக்ஸில் ஏறும். ஜோலார்பேட்டை ரன்னிங் ரூமில் அந்த டப்பாவைத் திறந்தால் கூட்டம் கூடிவிடும், எனக்கு இரண்டு வாய் கிடைத்தால் அதிகம். அவளுக்கு அது தெரியும், அதனால் எப்போதும் ஐந்து பேர் அளவுக்குத்தான் கட்டுவாள்.

வேலைப் பழக்கம் வீட்டுக்குள் வந்ததும் உண்டு. வண்டியில் போகும்போது ஒவ்வொரு சிக்னலையும் நானும் அசிஸ்டெண்டும் கை நீட்டி, சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு மஞ்சள் விளக்கைப் பார்த்து அவர் “டபுள் எல்லோ” என்றால் நான் “டபுள் எல்லோ” என்று திருப்பிச் சொல்வேன். ஒருவர் கண் ஏமாந்தாலும் இன்னொருவர் கண் ஏமாறாது என்பதற்காக. சின்னவள் இதை எப்படியோ தெரிந்துகொண்டாள். ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு, பன்னீர்செல்வம் பார்க் சிக்னல் கண்ணில் பட்டதும் கையை நீட்டி “சிவப்பு!” என்பாள். நான் “சிவப்பு!” என்று திருப்பிச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் விடமாட்டாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் அவள் அம்மாவும் இப்போது சேர்ந்து சொல்கிறாள்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு ராத்திரி, மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி லோடு. ஒரு ஊர் தாண்டி, விளக்கு வெளிச்சத்தில் தண்டவாளத்தின் நடுவில் ஒரு ஆள். ஹாரனை விடாமல் அடித்தேன், எமர்ஜென்சி பிரேக் போட்டேன். அவ்வளவு எடை உடனே நிற்காது, நின்றபோது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தாண்டியிருந்தோம். ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, எழுத வேண்டியதை எழுதி, மறுபடி வண்டியை எடுத்தாக வேண்டும், எடுத்தோம். வீட்டுக்கு வரும்போது காலை ஆறு மணி இருக்கும். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர் வைத்தாள். குளித்துவிட்டு வந்தேன், படுக்கப் பிடிக்கவில்லை. கொல்லைப் படியில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தவள், முறத்தில் இருந்ததில் பாதியை ஒரு தட்டில் தள்ளி என் முன்னால் வைத்தாள். நானும் உட்கார்ந்தேன். நுனியைக் கிள்ளி, நாரை ஒரு பக்கம் இழுத்து, திருப்பி மறுபக்கம் இழுத்து, இரண்டாக ஒடித்துப் போட வேண்டும். ஒவ்வொன்றாக. சில காயில் நார் பாதியில் அறுந்துவிடும், மறுபடி நகத்தால் பிடித்து எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் மூத்தவள் எழுந்து வந்து, சீப்பை அவள் அம்மா கையில் கொடுத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தாள், ஜடை பின்னிக்கொண்டே இன்னைக்கு என்ன பரீட்சை என்று பேச்சு ஆரம்பித்தது. அந்தப் பேச்சைக் கேட்டபோதுதான் எனக்குக் கண் இழுத்தது. மூன்று நாள் கழித்து நடந்ததைச் சொன்னேன். “அன்னைக்கே தெரிஞ்சுதுங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்” என்றாள்.

வண்டி ஓடும்போது போனை அணைத்துத்தான் வைக்க வேண்டும். டேனிஷ்பேட்டை லோகூர் மேட்டில் வண்டி முக்கி முக்கி ஏறும்போது, வீட்டில் இந்நேரம் என்ன நடக்கும் என்று ஒரு நொடி கூட நினைக்கக் கூடாது, நினைப்பதும் இல்லை. இறங்கி, டூட்டி முடிந்ததற்கான சைன் ஆஃப் போட்டு, போனை ஆன் செய்தால் வரிசையாக விழும். பால்காரருக்குக் கணக்கு முடித்தாச்சு. மூத்தவளுக்குச் சளி, கசாயம் வெச்சிருக்கேன். முருங்கை பூ விட்டிருக்கு, போட்டோ பாருங்க. ரன்னிங் ரூம் கட்டிலில் படுத்து அதை இரண்டு முறை படிப்பேன். பதில் எழுதத் தெரியாது எனக்கு, “சரி” என்று மட்டும் போடுவேன். அந்த “சரி” வந்துவிட்டால் நான் பத்திரமாக இறங்கிவிட்டேன் என்று அவளுக்கு அர்த்தம், அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவாளாம்.

இதை எழுதும்போது மதியம் இரண்டரை மணி. காலையில் வந்தேன், இரண்டு தாள் கிழித்தாயிற்று, இன்று வியாழக்கிழமை. ராத்திரி பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கால் வரலாம். பிள்ளைகள் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது, வந்ததும் சின்னவளுக்கு ஸ்கூட்டரில் ஒரு ரவுண்டு கடன் இருக்கிறது. ஜன்னலில் அந்தக் கறுப்புப் போர்வையை மாட்டிவிட்டேன், வெளுத்துப்போய் ஒரு மூலையில் காது மட்டும் புதிதாகத் தைத்திருக்கிறாள். அடுக்களையில் கிரைண்டரில் அரிசியைப் போடும் சத்தம் கேட்கிறது. நான் போய்ப் படுக்கிறேன்.