குயின்: வெம்பிளியில் அந்த 20 நிமிடம்

பிரிட்டனின் குயின் ராக் இசைக்குழு என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது 1985 ஜூலை 13தான். லண்டன் வெம்பிளி அரங்கில், எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சி, இன்னும் இருட்டவில்லை, அதனால் மேடை விளக்கு ஜாலம் எதுவும் எடுபடாது, கையில் இருந்ததோ சுமார் 20 நிமிடம், அதற்குள் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி அத்தனை பெரிய கூட்டத்தையும் தன்னோடு சேர்ந்து பாட வைத்துவிட்டார். இப்போது பார்த்தாலும் சிலிர்க்கிறது.

அதற்குப் பத்து வருடம் முன்பு, 1975இல், ‘பொஹீமியன் ராப்சடி’. ஏறக்குறைய 6 நிமிடப் பாட்டு, பிரிட்டன் பாடல் தரவரிசையில் 9 வாரம் முதலிடத்தை விடவே இல்லை. நடுவில் வரும் ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) பாணிப் பகுதியில் ஒரு பெரிய பாடகர் கூட்டமே கேட்கிறதே, அது மூன்றே பேரின் குரல், திரும்பத் திரும்பப் பதிவு செய்து அடுக்கியது!

அப்புறம் 1991 நவம்பர் 24. ஃப்ரெடி போய்விட்டார், வயது 45தான். சில வாரங்களில் அதே பாட்டு மறுபடியும் முதலிடத்துக்கு வந்தது.