பனி ஊரில், பள்ளிக்கூட வாசல் இல்லாமல்

புதிதாக ஒரு நாட்டுக்கு வரும் குடும்பத்துக்கு ஊரை அறிமுகம் செய்து வைப்பது பெரும்பாலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடம்தான். மாலையில் வாசலில் நிற்கும் பெற்றோர்கள், பிறந்தநாள் அழைப்புகள், எந்தக் கடையில் பூட்ஸ் வாங்கலாம் என்று சொல்லும் யாரோ ஒரு அம்மா என்று எல்லாம் அந்த வாசலிலேயே கிடைத்துவிடும். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் எங்களுக்கு அந்த வாசல் இல்லை. கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்து எட்மன்டன் நகருக்குக் குடிபெயரப்போகிறோம் என்றதும் குளிரைப் பற்றி எச்சரிக்காதவர்களே இல்லை. ஆனால் இதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. குளிருக்கு உடுப்பு உண்டு. ஆள் பழக்கத்துக்கு நாமேதான் வழி தேட வேண்டும், அதுவும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் மாதங்களில்.

என் கணவர் வேலை தேடிய காலத்தில் வடக்கே வேறு சில நாடுகளையும் பார்த்தோம். வீட்டுக்கல்விக் குடும்பங்கள் சம்பளம், வாடகை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த நாட்டுக் கல்விச் சட்டத்தைப் படித்துவிட வேண்டும். ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போயே ஆக வேண்டும். ஸ்வீடனில் 2011 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, மிக விசேஷமான காரணம் இருந்தால்தான் வீட்டில் படிக்கலாம். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃபின்லாந்தில் பிள்ளை கற்க வேண்டும் என்பது மட்டுமே கட்டாயம். எங்கே கற்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யலாம், படிப்பு நடக்கிறதா என்பதை உள்ளூர் நகராட்சி கவனித்துக்கொள்ளும். கனடாவுக்குள்ளேயே மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறுகிறது. ஒன்டாரியோவில், அப்பகுதிப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்துக்கு ஆண்டுதோறும் ஒரு கடிதம் கொடுத்தால் பொதுவாக அதோடு முடிந்தது. பண உதவி கிடையாது, வந்து பார்ப்பவரும் கிடையாது.

ஆல்பர்ட்டாவில் 6 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். வீட்டில் படிக்க வைக்க இரண்டு வழி உண்டு. வீட்டுக்கல்வியை மேற்பார்வையிட ஒப்புக்கொள்ளும் ஒரு பள்ளி வாரியத்திலோ தனியார் பள்ளியிலோ பதிவு செய்துகொள்வது முதல் வழி. ஃபெசிலிட்டேட்டர் என்று ஒரு ஆசிரியரை அவர்கள் ஒதுக்குவார்கள். கல்வியாண்டில் குறைந்தது இரண்டு முறை அவர் பிள்ளையின் முன்னேற்றத்தைப் பார்ப்பார். பிள்ளைக்காக அரசு தரும் நிதியில் ஒரு பங்கை, ஆண்டுக்குச் சுமார் 900 டாலரை, புத்தகம், சோதனைப் பொருட்கள் போன்றவற்றுக்கு ரசீது காட்டிப் பெற்றோர் வாங்கிக்கொள்ளலாம். இன்னொரு வழி 2020-ல் வந்தது. கல்வித் திட்டத்தை நேரடியாக அரசுக்கு அனுப்பிவிட்டு நாமே பார்த்துக்கொள்வது. மேற்பார்வை இல்லை, பணமும் இல்லை. நாங்கள் முதல் வழியை எடுத்தோம். பணம் உதவிதான். ஆனால் அதைவிட, ஆள் தெரியாத ஊரில் எங்கள் பிள்ளைகளின் பெயர் தெரிந்த ஒருவராவது இருப்பார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இதில் வருபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாகாணத்தில் எந்த வாரியம் நம்மை ஏற்றுக்கொள்கிறதோ அதில் சேரலாம். வீடு இருக்கும் பகுதியோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. "நல்ல ஸ்கூல் இருக்கிற ஏரியாவாப் பாருங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். நாங்கள் நூலகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பார்த்தோம். எட்மன்டன் பொது நூலகத்தில் நகரவாசிகளுக்கு உறுப்பினர் கட்டணம் இல்லை. குளிர்காலத்தில் எங்களுக்கு அதுவே இரண்டாவது வீடாகிவிட்டது. நகர நடுவில் இருக்கும் ஸ்டான்லி மில்னர் கிளையில் பிள்ளைகளுக்கென்று ஒரு பெரிய பகுதியே இருக்கிறது. பள்ளி நேரத்தில் போனால் கூட்டமில்லை. அந்த நேரத்தில் பிள்ளைகளோடு வருகிறவர்களில் பாதிப் பேர் நம்மைப் போன்றவர்கள்தான் என்பது கொஞ்ச நாளில் புரிந்துவிடும். எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் தோழியை அங்கேதான் பார்த்தேன். என் மகன் எடுக்க நினைத்த டைனோசர் புத்தகத்தை அவள் மகன் முந்திக்கொண்டு எடுத்துவிட்டான். இரண்டு பையன்களும் தரையிலேயே உட்கார்ந்து சேர்ந்து படிக்க, நாங்கள் இருவரும் பேச ஆரம்பித்தோம்.

ஃபெசிலிட்டேட்டர் முதல் முறை வீட்டுக்கு வந்த அன்று எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். ஆல்பர்ட்டாவின் பாடத்திட்டத்தை அப்படியே பின்பற்றலாம், அல்லது வீட்டுக்கல்விக்கென்று அரசு வகுத்திருக்கும் கற்றல் விளைவுகளை இலக்காக வைத்து நாமே திட்டம் போடலாம். நாங்கள் இரண்டாவதை எடுத்திருந்தோம். தகவலுக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் வாசிப்பது, தெளிவாக எழுதுவது, கனடாவின் வரலாறும் நிலவியலும் அறிவது என்று அந்த இலக்குகள் பரந்தவை. பரந்த இலக்கை எப்படிக் காட்டுவது என்று யோசித்துக் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தேன். அவர் கோப்புகளைப் புரட்டிவிட்டு, சின்னவனிடம் நேராக, "இந்த மாதம் நீ கண்டுபிடித்த ஒரு விஷயத்தைச் சொல்" என்றார்.

அவன் ஓடிப்போய்த் தன் வெப்பமானி நோட்டை எடுத்து வந்தான். சமையலறை ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கும் வெப்பமானியைத் தினமும் காலையில் பார்த்து எழுதும் நோட்டு அது. பூஜ்ஜியத்துக்கு மேலே சிவப்பு மையில், கீழே நீல மையில். எதிர்ம எண்களை நான் இன்னும் பாடமாக எடுக்கவே இல்லை. ஆனால் நேற்று மைனஸ் 9, இன்று மைனஸ் 23, அப்படியானால் எத்தனை டிகிரி இறங்கியது என்று ஏழு வயதுப் பிள்ளை விரல் விடாமல் சொன்னான். "மைனஸ் 40 வந்தா ஃபாரன்ஹீட்டுலயும் மைனஸ் 40தான். அன்னைக்கு ரெண்டு பக்கமும் ஒரே நம்பரை எழுதப் போறேன்" என்று அவரிடம் ஆங்கிலமும் தமிழும் கலந்து விளக்கினான். அவர் அந்தப் பக்கத்தைத் தன் அறிக்கைக்காகப் படம் எடுத்துக்கொண்டார். தமிழ் வாசிப்பையும் மொழிப் பாடமாகத் திட்டத்தில் எழுதச் சொன்னவர் அவர்தான். தமிழ் கதைப்புத்தக நேரம் எங்கள் வீட்டில் அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் அது அதிகாரப்பூர்வமாகத் தாளில் ஏறியதும் பெரியவளுக்கு அதன் மீது ஒரு தனி மரியாதை வந்துவிட்டது.

குளிரும் பாடம் நடத்துகிறது என்பதை அதற்குப் பிறகு நானும் கவனிக்க ஆரம்பித்தேன். நகராட்சி ஆங்காங்கே பெட்டிகளில் மணல் வைத்திருக்கிறது; நடைபாதையில் தூவ வீட்டுக்காரர்கள் இலவசமாக அள்ளிக்கொள்ளலாம். வாளியோடு போனபோது, உப்பு போட்டால் பனிக்கட்டி உருகும் என்கிறார்களே, பிறகு மணல் எதற்கு என்று பெரியவள் கேட்டாள். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தோம். நம் சாதாரண உப்பு கலந்த தண்ணீரும் மைனஸ் 21 டிகிரியில் உறைந்துவிடும். அதற்குப் பல டிகிரி முன்பே உப்பின் வேலை மந்தமாகிவிடுகிறது. மணல் எதையும் உருக்குவதில்லை, கால் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அன்று அடுப்படியில் மூன்று கிண்ணத்தில் உப்புக் கரைசல் செய்து பின்வாசலில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு வேதியியல் பிடித்துப்போனது அந்த வாரத்தில்தான்.

எங்கள் தெருவில் முயல்கள் திரியும். கோடையில் பழுப்பாக இருக்கும் அந்தப் பெரிய முயல்கள் குளிர்காலத்தில் வெள்ளையாக மாறிவிடுகின்றன. நவம்பரில் பனி தாமதமாக விழுந்த ஒரு வருடம், பழுப்புப் புல்வெளியில் வெள்ளை முயல் ஒன்று பளிச்சென்று தெரியும்படி உட்கார்ந்திருந்தது. "அம்மா, இதுக்கு யாரு தேதி சொன்னா?" என்றான் சின்னவன். பகல் சுருங்குவதுதான் அதற்குத் தேதி; பனி அல்ல.

சரி, பகல் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வாழ்க்கையை மாற்றிப்போடுவது குளிரைவிட வெளிச்சம்தான். எட்மன்டனில் டிசம்பர் கடைசியில் சூரியன் வர எட்டே முக்கால் ஆகிவிடும், நாலே காலுக்கெல்லாம் போய்விடும். ஏழரை மணி நேரப் பகல். ஜூனில் அதுவே 17 மணி நேரம். பள்ளி போகும் பிள்ளைகள் இருட்டில் கிளம்பி, இருட்டும் நேரத்தில் திரும்புகிறார்கள். எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் குளிர்காலத்தில் கால அட்டவணையை அப்படியே புரட்டிவிட்டோம். இருட்டாக இருக்கும் காலையில் விளக்கு வெளிச்சத்தில் கணக்கும் எழுத்தும். பதினொன்று முதல் இரண்டு வரை, வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்தில் வெளியில். சூரியன் இறங்கிய பிறகு வாசிப்பு, தமிழ், இசை. அந்த மூன்று மணி நேரத்தில் பாடம் வைக்கவே கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. வீட்டுக்கல்வியால் எங்களுக்குக் கிடைத்த ஆகப்பெரிய சலுகை இதுதான் என்று நினைக்கிறேன்.

வெளியில் போவது என்றால் சும்மா கிளம்பிவிட முடியாது. உள்ளே ஒட்டிய மாதிரி ஒரு உடுப்பு, அதன் மேல் கம்பளி, ஸ்னோ பேன்ட், அப்புறம் பூட்ஸ், ஜாக்கெட், கழுத்துக்கு வார்மர், தொப்பி, கடைசியில் கையுறை. வரிசை மாறினால் பூட்ஸைக் கழற்றி மறுபடி தொடங்க வேண்டும். பருத்தி வேண்டாம், வியர்த்தால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட எல்லா விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் பிள்ளைகளுக்குச் சூடு தரும். வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், காற்றையும் சேர்த்துச் சொல்லும் விண்ட் சில்லைப் பாருங்கள். அது மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகக்கூடும். மைனஸ் 40-க்குக் கீழே என்றால் 5 முதல் 10 நிமிடமே. அப்படிப்பட்ட நாட்களில் நாங்கள் நூலகத்துக்கோ மட்டார்ட் தாவரக்கூடத்தின் கண்ணாடிப் பிரமிடுகளுக்கோ போய்விடுவோம். அந்த நான்கு பிரமிடுகளில் ஒன்று வெப்பமண்டலத் தாவரங்களுக்கானது. உள்ளே நுழைந்ததும் ஈரக்காற்று முகத்தில் படும்போது பிள்ளைகள் வாயடைத்து நிற்பார்கள்.

ஆனால் எங்களை ஊர்க்காரர்களாக்கியது, பனிக்கட்டித் தளத்தில் சறுக்கி விளையாடும் ஸ்கேட்டிங் ரிங்க்தான். எட்மன்டனில் கம்யூனிட்டி லீக் என்று குடியிருப்புப் பகுதிதோறும் ஒரு மன்றம் உண்டு. முதல் லீக் 1917-ல் தொடங்கியது, இன்று நூற்றைம்பதுக்கும் மேல் இருக்கின்றன. சிறு சந்தா கட்டி உறுப்பினராகலாம். பல லீக்குகள் குளிர்காலத்தில் திறந்தவெளி ரிங்க் அமைக்கின்றன. இரவில் அக்கம்பக்கத்தவர்கள் குழாயோடு நின்று தண்ணீரைப் பாய்ச்சி, அது உறைந்ததும் மறுபடி பாய்ச்சி, அடுக்கடுக்காகத் தளம் போடுகிறார்கள். அந்த வேலையில் சேர என் கணவரும் தன் பெயரைக் கொடுத்தார். மீசையில் பனி கட்டிக்கொண்டு வீடு திரும்பினாலும், அந்தத் தெருவில் யார் பிளம்பர், யார் நர்ஸ், யார் வீட்டு நாய்க்கு என்ன பெயர் என்பதெல்லாம் அந்த இரவுகளில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. பகலில் ரிங்க் காலியாக இருக்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து பழகினார்கள். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் சேர்ந்துகொள்ளும் நேரத்தில் எங்கள் பிள்ளைகள் இருவரும் ஓரளவு நிற்கத் தெரிந்திருந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் கிடைக்க வேண்டியது எங்களுக்கு அந்த ரிங்க் ஓரத்து மர பெஞ்சில் கிடைத்தது.

நம் தமிழ் ஆட்களிடம் விளக்குவதுதான் கொஞ்சம் கடினமாக இருந்தது. "ஏம்மா, கனடா வந்து ஃப்ரீயா ஸ்கூல் இருக்கப்போ பிள்ளைங்கள வீட்டுல வச்சிருக்கீங்க, கேஸ் ஆயிடாதா?" என்று ஒரு அக்கா உண்மையான கவலையோடு கேட்டார். பதிவுத் தாளைக் காட்டினேன். சட்டம் சம்மதித்ததும் அவர் கேள்வி பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு மாறியது. அது நியாயமான கேள்வி. வீட்டில் தமிழ், வெளியே போகாவிட்டால் ஆங்கிலம் எங்கிருந்து வரும்? அதனால்தான் வெளியே போவதை நாங்கள் பாடத்தைப் போலவே கட்டாயமாக்கிக்கொண்டோம்.

எல்லாம் சுகமாக நடந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. டிசம்பர் கஷ்டமில்லை, புதுமை இருக்கும், விளக்கு அலங்காரம் இருக்கும். பிப்ரவரிதான் ஆளை அழுத்தும். பகல் நீள ஆரம்பித்திருக்கும், குளிரோ விடாது. வீட்டில் நாள் முழுவதும் பிள்ளைகளோடு இருக்கும் ஒருவருக்கு, பேச இன்னொரு பெரிய ஆள் இல்லாமல் போனால் சின்னச் சத்தத்துக்கே எரிச்சல் வரும், தூக்கம் கெடும். எனக்கு அது வந்தது. மருத்துவரிடம் பேசினேன், வைட்டமின் டி-யும், காலையில் பத்தாயிரம் லக்ஸ் வெளிச்ச விளக்கும் சொன்னார். வாரத்தில் ஒரு முழு நாளைக் கணவர் பொறுப்பில் விட்டுவிட்டு நான் தனியாக வெளியே போக ஆரம்பித்தேன். வீட்டுக்கல்வி நடத்தும் அம்மாக்கள் இதைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் செய்ய வேண்டும்.

வரத் திட்டமிடுபவர்கள் முடிந்தால் ஆகஸ்டில் வந்துவிடுங்கள். செப்டம்பர் கடைசிக்குள் வாரியத்தில் பதிவு முடித்தால்தான் அந்த ஆண்டுக்கான நிதி கணக்கில் வரும். நல்ல வெளிச்சத்திலேயே தெருக்களும் பூங்காக்களும் பழகிவிடும். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவுக்குப் போய்வாருங்கள். பூங்காவின் ஊடே போகும் நெடுஞ்சாலைக்கு வடக்கே சமவெளிக் காட்டெருமைகளும், தெற்கே காட்டுவகைக் காட்டெருமைகளும் தனித்தனியாக வளர்கின்றன. அழிவின் விளிம்புக்குப் போன விலங்கை ஒரு நாடு எப்படி மீட்டது என்பதைப் பெரியவள் அங்கே பார்த்து எழுதிய கட்டுரைதான் அவளுடைய முதல் நீளமான ஆங்கிலக் கட்டுரை.

அவளுக்கு அடுத்து உயர்நிலை வகுப்புகள் வருகின்றன. அங்கே கணக்கு கொஞ்சம் மாறுகிறது. ஆல்பர்ட்டாவின் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு, பாடங்களை முடிக்க முடிக்கச் சேரும் கிரெடிட் 100 வேண்டும், 12-ஆம் வகுப்பில் மாகாணத் தேர்வுகளும் உண்டு. வீட்டுத் திட்டத்தில் படிப்பதால் மட்டும் கிரெடிட் சேராது. இணையவழிப் பள்ளியில் சில பாடங்களை மட்டும் எடுக்கலாம், முழுநேரப் பள்ளிக்கே போகலாம், அல்லது இப்படியே தொடர்ந்து கல்லூரிகள் ஏற்கும் மாற்று வழிகளைத் தேடலாம். வேதியியலுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருக்கிறாள். இரண்டு பள்ளிகளுக்கு அவளே மின்னஞ்சல் எழுதிக் கேட்டிருக்கிறாள். பதில் வந்ததும் நால்வரும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.