வண்டிக் குறிப்புகள்: பங்குனி, சித்திரை

மார்ச் 28
என் டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் கரி வடிகட்டி அடைபட்டால் எரியும் மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிகிறது. பத்து நாளாவது தாங்கும் என்று நினைத்திருந்தேன். ஆறு நாள்கூட ஆகவில்லை.

மார்ச் 29
அதிகாலை 2 மணிக்குக் காசிமேட்டில் ஐஸ் ஏற்றி, மீன் பெட்டிகளுடன் புறப்பட்டு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று இறக்கிவிட்டு வீடு திரும்பினால், வண்டி மொத்தமாக 20 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. சைலன்சர் சூடேறுவதற்குள் அடுத்த கடை வந்துவிடுகிறது. வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்து தீர சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதை உண்டாக்க எஞ்சின் தானாகவே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சுகிறது. கடைவாசலில் நான் அணைத்து அணைத்து அந்த வேலை பாதியிலேயே நின்றுகொண்டிருந்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் அளவு காட்டும் கம்பியை, டிப்ஸ்டிக்கை, துடைத்து மூன்று முறை பார்த்தேன். ஆயில் மேல்கோட்டுக்கு ஒரு நெல்மணி உயரம் மேலே நிற்கிறது. முகர்ந்தால் டீசல் வாடை.

மார்ச் 30
அம்மாவுக்கு இரவு முழுவதும் இரைப்பு.

ஏப்ரல் 1
மெக்கானிக் தம்பி வண்டிக்கு அடியில் படுத்தபடியே சொன்னார்: "அண்ணே, உள்ள இருக்கிற தேன்கூட்டை வெட்டி எடுத்துட்டு குழாய வெல்டு வெச்சிடலாம். கம்ப்யூட்டர்ல விளக்கையும் அணைச்சிடலாம். அரை நாள் வேலை. புதுசு மாத்தணும்னா லட்சத்துக்கு மேல போவும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் நஷ்டத்தைக் கண்டுதான் சொன்னார். ஆனாலும் வீடு வந்த பின்பு அந்தப் பேச்சு மனத்தை விட்டு இறங்கவில்லை. தேன்கூடு என்று அவர் சொன்னது பீங்கான் கட்டி. அதிலுள்ள நுண்குழாய்களில் ஒன்றுக்கு முன்வாயும் பக்கத்துக் குழாய்க்குப் பின்வாயும் அடைபட்டிருப்பதால், புகை சுவரைத் துளைத்துத்தான் வெளியேற முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பாரத் ஸ்டேஜ் 6 என்ற வண்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதியில், டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு விடக்கூடிய துகள் 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆகக் குறைக்கப்பட்டதும் இப்படியொரு கட்டியை நம்பித்தான். அதை வெட்டி எடுத்தால் அந்தக் கரி எங்கே போகும்? என் வண்டி அதிகாலையில் நின்று உறுமுவது எங்கள் தெருவில். அம்மா படுக்கும் திண்ணைக்கு நேர் எதிரே. இந்தப் பக்கத்துக் காற்றில் அனல்மின் நிலையப் புகையும் கண்டெய்னர் லாரிப் புகையும் போதாதா?

பழைய வண்டியின் புகைக்குழாயில் விரல் விட்டால் மை தொட்டதுபோல் வரும். இன்று இந்த வண்டியின் குழாய்க்குள் வெள்ளைக் கைக்குட்டையைச் சுழற்றி எடுத்தேன். லேசான சாம்பல் நிறத் தூசு மட்டும்.

ஏப்ரல் 3
மதியம் காலி வண்டியுடன் மணலி புதுநகர் வழியாக மீஞ்சூர் போய் வெளிவட்டச் சாலையில் ஏறினேன். வண்டலூர் வரை 62 கிலோமீட்டர். மூன்றாவது, நான்காவது கியரிலேயே அறுபதுக்குக் குறையாமல் ஓட்டினேன். இருபது நிமிடத்துக்குள் விளக்கு அணைந்தது. ஓரம் நிறுத்தியபோது விசிறி இரைந்துகொண்டிருந்தது. அடியிலிருந்து சூடான இரும்பு வாடை வந்தது. விசிறி ஓய்ந்த பிறகே சாவியைத் திருப்பினேன். ஒரு நடையும் ஏற்றாமல் இவ்வளவு டீசலை எரித்தது வலிக்கிறது. ஆனாலும் திரும்பி வரும்போது வண்டி இலகுவாக இழுத்தது.

ஏப்ரல் 4
கைக்குட்டை வெள்ளை.

ஏப்ரல் 8
துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போதே எஞ்சின் வேகம் தானாகக் கூடியது; கரி எரிப்பு தொடங்கிவிட்டது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நைலான் வலைக் குவியல், அதன்மேல் தெர்மாகோல் பெட்டிகள். அணைத்தால் ஆயில் கெடும், அணைக்காவிட்டால் அந்தச் சூட்டில் வலை உருகும். அணைத்துவிட்டேன். வலை பிறருடைய பிழைப்பு.

ஏப்ரல் 10
ஆயில் மாற்றியாயிற்று, இன்னும் நாலாயிரம் கிலோமீட்டர் பாக்கி இருந்தது. சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும் என்று கடையில் கறாராகக் கேட்டு வாங்கினேன். கரி எரிந்துவிடும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டிக்குள்ளேயே கிடந்து இடத்தை அடைக்கும். விலை கூடுதல். வீட்டில் சொல்லவில்லை.

ஏப்ரல் 12
அம்மா இரண்டு இரவாக நன்றாகத் தூங்குகிறார்கள்.

ஏப்ரல் 14
சித்திரை முதல் நாள். நாளை முதல் 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஐஸ் நடையும் கிடையாது. நாட்டுப்படகு மீனுக்கு என் வண்டி தேவையில்லை. காய்கறி ஏற்றக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவும் மூலக்கடைக்கும் பெரம்பூருக்கும் இடையே குட்டிக் குட்டி நடைகள். மீஞ்சூர் வரை நடை ஏதாவது கிடைக்குமா என்று நான்கு பேரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். வாடகை குறைவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வேன்.

ஏப்ரல் 16
மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது விளக்கு எரிந்தது. வண்டி இழுக்கவும் தயங்குகிறது. டிப்ஸ்டிக்கை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன், சரியாகத் தெரியவில்லை. விடிந்ததும் பார்க்க வேண்டும்.