ஆறாவது நிமிடம்

“தம்பி நன்றாகத்தானே இருக்கிறார்?” என்றார் சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர். இதை அதற்கு முன்பே பல மேசைகளில் கேட்டு எனக்குப் புளித்துப் போயிருந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு, தலைவாரி, வணக்கம் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான் தம்பி. தழும்பை முடி மூடியிருந்தது. ஐந்து நிமிடம் அவனோடு பேசுகிற யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆறாவது நிமிடத்தில்தான் தெரியும்.

2022 பிப்ரவரியில் விராலிமலைக்கு அருகே பைக்கிலிருந்து விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான், பட்டையை மாட்டவில்லை. முதல் 48 மணி நேரச் சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் நடந்தது. 2021 டிசம்பரில்தான் அதைத் தொடங்கியிருந்தார்கள். அந்த நன்றி எங்களுக்கு என்றைக்கும் உண்டு. மூளை வீங்கியிருந்ததால் மண்டை ஓட்டில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, அவன் வயிற்றுத் தோலுக்கடியிலேயே வைத்துத் தைத்து, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பொருத்தினார்கள். அந்த மூன்று மாதமும் அம்மா இரவில் எழுந்து எழுந்து அவன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருச்சிக்கு அருகே துவாக்குடியில் வெல்டராக இருந்தவன். சாய்வாக நிறுத்திய குழாயைச் சுற்றிலும் பற்றவைத்துக் காட்ட வேண்டிய 6ஜி தேர்வில் தேறியவன். அந்தத் தொழிலில் அது என்ன மதிப்பு என்று பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். கை இன்னும் எதையும் மறக்கவில்லை. ஆனால் சிலிண்டரை மூடினோமா என்பது நினைவில் நிற்பதில்லை. மோப்பமும் போய்விட்டதால் கசிந்தாலும் அறிய மாட்டான். முதலாளி இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடிக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் சிக்கல் பிடிபட்டது. என்ன வகை ஊனம் என்று குறிப்பிட வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. மூளைக் காயம் என்று தனியாக ஒன்று அதில் இல்லை. நடக்கிறான், ஆகவே கை கால் ஊனம் இல்லை. பார்வையும் செவியும் சரி. மூன்றாவது முறை போனபோது ஒரு மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மனநோய் என்ற பிரிவில் 50 சதவீதம் போட்டுத் தந்தார். சட்டத்தின் விளக்கத்தில் நினைவாற்றல் கோளாறு என்ற சொல் அந்த இடத்தில்தான் வருகிறது என்று காட்டினார். நல்ல எண்ணத்தில் செய்தார். அம்மாவோ அந்தச் சான்றிதழைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். மனநோய் இழிவு என்பதால் அல்ல. அது அவனுடைய நோய் இல்லை என்பதால்.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் நான்கு பக்க மனு கொடுத்தேன். விபத்து நடந்த மாலையிலிருந்து ஆரம்பித்திருந்தேன். ரசீது வந்தது. “உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது” என்று கடிதம் வந்தது. உரிய அலுவலர் வரவில்லை. இரண்டாம் முறை போனபோது வாசலில் மனு எழுதித் தரும் பெரியவர் என் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னார்: “இது ஆட்சியர் தீர்க்கிற காரியம் இல்லை அம்மா. சட்டத்தில் இல்லாததை அவர் எங்கேயிருந்து எடுத்துத் தருவார்? சட்டம் போடுகிறவர்களிடம் போங்கள். போகும்போது இவ்வளவு கதை வேண்டாம்.” எழுதுவதற்கு ஐம்பது ரூபாய் வாங்குகிறவர், இந்த யோசனைக்கு ஒன்றும் வாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஊன வகைகளைப் பட்டியலிடும் சட்டத்தின் அட்டவணையை உட்கார்ந்து படித்தேன். இரண்டு இடங்கள் கண்ணில் பட்டன. பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ‘போன்ற’ நாட்பட்ட நரம்பியல் நிலைகள் என்று ஓரிடத்தில் இருக்கிறது. அந்தப் ‘போன்ற’வில் என் தம்பிக்கு இடம் இல்லையா? இன்னொன்று, கடைசி வரி: மத்திய அரசு அறிவிக்கை செய்கிற வேறெந்த வகையையும் சேர்த்துக்கொள்ளலாம். அதாவது, நாடாளுமன்றத்தில் சட்டத்தையே திருத்த வேண்டியதில்லை, ஓர் அறிவிக்கை போதும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

யாரிடம் எதைக் கேட்பது என்பதும் அப்போதுதான் தெளிந்தது. பட்டியலில் சேர்ப்பது மத்திய அரசின் வேலை. அது நாடாளுமன்ற உறுப்பினருக்கு. முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் தமிழ்நாட்டில் மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. அதில் மூளைக் காயத்தைப் பெயர் சொல்லிச் சேர்க்கக் கேட்பது சட்டமன்ற உறுப்பினரிடம். இரண்டையும் ஒரே மனுவில் போட்டிருந்தால் இருவரும் மற்றவரைக் கை காட்டியிருப்பார்கள். தம்பியின் வங்கிக் கணக்கை அவனுக்காக வேறொருவர் கவனிக்க வழியில்லாத பிரச்சினையையும் எழுதியிருந்தேன். சட்டப்படியான பாதுகாவலர் நியமனத்துக்கான 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் இவற்றுக்கு மட்டும்தான். அதிலும் தம்பி இல்லை. மனமில்லாமல் அந்தப் பத்தியை அடித்தேன். ஒரு மனு, ஒரு கோரிக்கை, ஒரு பக்கம்.

பிசியோதெரபிக்குக் காத்திருக்கும் பெஞ்சில் பழக்கமான குடும்பங்களிடம் கையெழுத்துக் கேட்டேன். பதினொரு குடும்பங்கள் சேர்ந்தன. பெயருக்குப் பக்கத்தில் வாக்காளர் அட்டை எண்ணையும் எழுதச் சொன்னேன். உறுப்பினரின் அலுவலகத்தில் முதலில் பார்த்தது அதைத்தான். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அவர்கள் தொழில் அது.

சட்டமன்ற உறுப்பினர் வந்தார், மனுவைப் பார்த்தார். “பேசுகிறேன் அம்மா” என்று எழப்போனார். நான் எழவில்லை. ஊர்ப் பேருந்து நேரத்தைப் பற்றி ஏதோ கேட்டு இழுத்தேன். தம்பி எழுந்து, முன்பு காட்டிய அதே புன்னகையோடு, “வணக்கம் ஐயா, நான் துவாக்குடியில் வெல்டர். 6ஜி பாஸ் பண்ணியவன்” என்றான். அவர் வந்தவுடன் சொன்னதை அட்சரம் பிசகாமல் மறுபடி சொன்னான். அவர் சிரித்து, “சொன்னீர்களே தம்பி” என்றார். சற்று நேரத்தில் மூன்றாம் முறை எழுந்தான். இம்முறை அவர் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கி மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதினார். மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பு நினைவூட்டும்படி உதவியாளர் பிறகு தனியாகச் சொன்னார். துறைவாரியாக நிதி பேசப்படும் நாளில் சொன்னால்தான் எடுபடுமாம்.

அந்த அறையில் நான் செய்தது சரிதானா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தம்பியைக் காட்சிப் பொருளாக்கிவிட்டேன். திரும்பும் பஸ்ஸில் அவன், “சரியாகப் பேசினேனா அக்கா?” என்று கேட்டான். “நன்றாகப் பேசினாய்” என்றேன். சட்டைப் பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான்.

நாடாளுமன்ற உறுப்பினர் ஊரில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த இளைஞர், “மனுவாக வேண்டாம் அக்கா, கேள்வியாக எழுதிக் கொடுங்கள்” என்றார். மக்களவைக் கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும், 15 நாள் முன்னதாகப் போக வேண்டும். குலுக்கலில் வந்தால்தான் பட்டியலில் ஏறும். நாளொன்றுக்கு எழுத்தில் பதில் பெறும் கேள்விகள் 230. நாலு பக்கக் கதையை 150 சொல்லாகச் சுருக்க எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. மூளைக் காயத்தை அட்டவணையில் அறிவிக்கும் எண்ணம் அரசுக்கு உண்டா, இல்லையென்றால் காரணம் என்ன? இவ்வளவுதான் மிஞ்சியது.

விவாதத்தில் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் இரண்டு வரி பேசினார். அரசாணை எதுவும் இன்னும் வரவில்லை. மக்களவைக் கேள்வி குலுக்கலில் விழவில்லை. அடுத்த கூட்டத்தொடருக்கு மறுபடி கொடுக்கலாம் என்று அந்த இளைஞர் சொல்லியிருக்கிறார். தேதியை மட்டும் மாற்றிப் புதுப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ‘சரியாகப் பேசினேனா?’ என்று தம்பி வாரம் ஒருமுறையாவது கேட்கிறான். நோட்டைப் பிரித்துக் காட்டுகிறேன். தன் கையெழுத்தைப் படித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேள்விப்படுகிறவன்போலச் சந்தோஷப்படுகிறான்.