நெம்புகோல் காபி இயந்திரம்: ஒரு பழுதுபார்ப்பு நாட்குறிப்பு

ஜூன் 1, 2024, சனி

ஏற்கெனவே ஒருவர் பல ஆண்டுகள் பயன்படுத்திய எஸ்பிரசோ இயந்திரம் இன்று என் மேசைக்கு வந்து சேர்ந்தது. பம்பு இல்லாத, கையால் நெம்புகோலை அழுத்தியே காபியை வடிக்கும் வகை. குரோமியம் முலாம் பூசிய பித்தளைக் கொதிகலன், அதன் முன்புறத்தில் பிஸ்டன் ஓடும் உருளை, பக்கவாட்டில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய், அதன் மேல் ஓர் அழுத்தமானி, உச்சியில் திருகு மூடி, அதனருகே பாதுகாப்பு வால்வு, நீராவிக் குழாய். இவ்வளவுதான் மொத்த அமைப்பும். ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று முழுமையாக அறிந்துகொள்ளக்கூடிய ஒரு பொருள் வேண்டும் என்பதற்காகவே இதை வாங்கினேன்.

நெம்புகோலை மெல்ல உயர்த்தியபோது பாதி வழியில் இறுகி நின்றுவிட்டது. மின்கம்பியின் ரப்பர் உறை வளைத்த இடமெல்லாம் வெடித்திருந்தது. எனவே மின் இணைப்பைக் கொடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

கழற்றும் வேலை. ஒவ்வொரு படியிலும் புகைப்படம் எடுத்து, கழன்ற பாகங்களை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக வைத்துவந்தேன். நெம்புகோலைப் பிடித்திருக்கும் இரு ஊசிகளின் நுனிகளில் உள்ள பூட்டு வளையங்களை எடுத்ததும் நெம்புகோல் கையோடு வந்துவிட்டது. உருளையைக் கொதிகலனோடு இணைக்கும் இரண்டு ஆலன் திருகுகளில் ஒன்று இளகியது, மற்றொன்று அசையவில்லை. பலத்தைக் கூட்டினால் திருகின் தலை தேய்ந்துவிடும் என்பதால், துரு நீக்கும் எண்ணெயைச் சில சொட்டுகள் விட்டு இரவு முழுதும் ஊறவைத்திருக்கிறேன்.

ஜூன் 3, திங்கள்

திருகு கழன்றது. அதன் மரை சேதமடையவில்லை.

பிஸ்டனை வெளியே எடுத்தபோது இறுக்கத்தின் காரணம் தெரிந்தது. அதைச் சுற்றியுள்ள இரண்டு ரப்பர் வளையங்களும் நகத்தால் அழுத்தினால் குழியாத அளவுக்குக் கெட்டிப்பட்டிருந்தன. அவற்றுக்கிடையே பழைய கிரீஸும் காபி எண்ணெயும் கலந்து பழுப்பு நிறப் பசையாக உறைந்திருந்தன. உருளையின் உட்சுவரைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஆழமான கீறல் ஏதும் இல்லை. வளையங்களை மாற்றிவிடலாம், உட்சுவர் கீறியிருந்தால் எந்த வளையமும் அழுத்தத்தைத் தாங்காது. ஆகையால் இந்த ஒரு செய்தியே இன்றைய நாளுக்குப் போதும்.

ஜூன் 5, புதன்

மின்பாகம். அடித்தட்டில் 220 வோல்ட், 1000 வாட் என்று பொறித்திருக்கிறது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். அதன்படி சூடேற்றும் கம்பிச்சுருள் 48.4 ஓம் காட்ட வேண்டும். மல்டிமீட்டர் 49 காட்டியது. சுருள் அறுபடவில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் பாதுகாப்பானது என்பதற்குச் சான்று அன்று. வெளியுறையில் நுண்ணிய வெடிப்பு இருந்தால் ஈரம் உள்ளே புகுந்து, மின்சாரம் இயந்திரத்தின் உடலுக்குக் கசியும். மல்டிமீட்டரின் சிறிய மின்னழுத்தத்தில் அந்தக் கசிவு புலப்படாமலே போகலாம். எனவே அனுபவமுள்ள மின்பணியாளர் ஒருவரிடம் கொடுத்து மின்காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் கருவியால் சோதித்துப் பெற்றேன். கசிவில்லை.

மின்கம்பியைப் புதிதாக மாற்றினேன். எர்த் கம்பி இணையும் இடத்தில் படிந்திருந்த களிம்பை உப்புத்தாள் கொண்டு உலோகம் மின்னும்வரை தேய்த்த பிறகே திருகை முடுக்கினேன். தண்ணீரும் மின்சாரமும் ஒரே உடலுக்குள் இருக்கும் பொருளில், மற்ற எல்லா வேலைகளையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஜூன் 9, ஞாயிறு

கொதிகலனின் அடியிலிருந்து சூடேற்றியைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்த்தேன். சுவரெங்கும் சாம்பல் நிற உப்புப் படிவு. சூடேற்றியின் வளைவுகளில் அது முட்டை ஓட்டைவிடத் தடிமனாக ஒட்டியிருந்தது. கடின நீரில் உள்ள கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிவதே இது. வெப்பம் நீருக்குச் செல்வதைத் தடுத்து, சூடேற்றியை அதன் சொந்த வெப்பத்திலேயே வேகவைத்துவிடும்.

ஒரு லிட்டர் வெந்நீருக்கு 30 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றினேன். ஊற்றியவுடனே நுரை பொங்கியது. கார்பனேட்டிலிருந்து கரியமில வாயு பிரிவதன் ஓசை கொதிகலனுக்குள் காது வைத்தால் கேட்கிறது. நெடுநேரம் ஊறவைக்கக் கூடாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலப்பு உலோகம். அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் துத்தநாகம் முதலில் கரைந்து, மேற்பரப்பில் செம்பின் இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கும். அந்த நிறம் எட்டிப் பார்க்கும் முன்பே நிறுத்த வேண்டும் என்று இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை வடித்துப் பார்த்தேன். மூன்றாம் முறையில் படிவு முழுதும் போனது. வடித்த நீர் லேசான நீலப்பச்சையாக இருந்தது. அது கரைந்த செம்பு. அதன்பின் ஐந்து முறை நல்ல நீரில் அலசினேன்.

பேக்கலைட் கைப்பிடியை மட்டும் ஈரத்துணியால் துடைத்ததோடு விட்டுவிட்டேன். விரல்கள் பதிந்து பதிந்து பளபளப்பு மங்கிய ஓர் இடம் அதில் இருக்கிறது. அது பழுது அன்று.

ஜூன் 12, புதன்

புதிய வளையங்கள் இன்னும் வரவில்லை. காத்திருக்கும் நேரத்தில் வெர்னியர் அளவியால் பிஸ்டனை அளந்தேன்: விட்டம் 49 மில்லிமீட்டர், எனவே பரப்பு ஏறத்தாழ 19 சதுர சென்டிமீட்டர். எஸ்பிரசோவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 9 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்தின் அளவு) அழுத்தம் அந்தப் பரப்பின் மீது வேண்டுமானால் சுமார் 170 கிலோ எடைக்கு இணையான விசை தேவை. சுழலும் ஊசியிலிருந்து கைப்பிடி ஏறத்தாழ பத்து மடங்கு தொலைவில் இருப்பதால் என் கைக்கு வருவது 17 கிலோ அளவுதான்.

நீராவியால் மட்டும் இது இயலாது. 1901-இல் லூயிஜி பெஸ்ஸேரா காப்புரிமை பெற்று, 1905 முதல் டெசிடேரியோ பவோனி தயாரித்த தொடக்க கால இயந்திரங்கள் நீராவியின் அழுத்தத்தையே நம்பியிருந்தன. அழுத்தத்தைக் கூட்டினால் நீரின் வெப்பமும் கூடிக் காபி கருகிக் கசக்கும். 1940-களின் இறுதியில் அகிலே காஜ்ஜாவின் நெம்புகோல் இயந்திரங்கள் வந்தபோதுதான் அழுத்தமும் வெப்பமும் ஒன்றிலிருந்து ஒன்று விடுபட்டன; கிரேமா என்னும் பொன்னிற நுரையும் அவற்றோடுதான் கோப்பைக்கு வந்தது. அவருடையதில் சுருள்வில் நீரைத் தள்ளும். என்னுடையதில் அந்த வில்லின் இடத்தில் என் கை இருக்கிறது.

ஜூன் 15, சனி

வளையங்கள் வந்தன. உணவுப் பயன்பாட்டுக்குரிய சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவிப் பொருத்தி, எல்லாவற்றையும் கழற்றிய வரிசைக்கு நேர்மாறாகப் பூட்டினேன். நெம்புகோல் இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது.

ஜூன் 16, ஞாயிறு

முதல் சோதனை தோல்வி. கொதிகலன் சூடாகி அழுத்தமானி 0.8 பார் காட்டியது; கசிவு எங்கும் இல்லை. காபித் தூளை நிரப்பி நெம்புகோலை அழுத்தினால், எதிர்ப்பே இல்லாமல் அது இறங்கிவிட்டது. கோப்பையில் நான்கைந்து சொட்டுகள்.

முழுதும் ஆறும்வரை காத்திருந்து பிரித்தேன். தவறு என்னுடையதுதான். வளையங்களுக்கு ஒருபுறம் விரிந்த உதடு உண்டு. அழுத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தை உதடு நோக்கியிருந்தால்தான் அழுத்தமே அதை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். மேல்வளையம் கொதிகலன் நீரைத் தடுப்பதற்காக மேல்நோக்கியும், கீழ்வளையம் காபியின் மீதான அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். நான் இரண்டையும் மேல்நோக்கிப் பொருத்தியிருந்தேன். நீர் காபிக்குள் இறங்காமல் பிஸ்டனைச் சுற்றி மேலேறிவிட்டது. இத்தனை படங்கள் எடுத்தும், பழைய வளையங்களைக் கழற்றுவதற்கு முன் அருகில் வைத்து ஒரு படம் எடுக்கத் தவறியிருக்கிறேன்.

ஜூன் 22, சனி

கீழ்வளையத்தைத் திருப்பிப் போட்டு மீண்டும் சோதித்தேன். சூடேறும்போது அழுத்தமானியை உடனே நம்பக் கூடாது என்பதை இன்று கண்டேன்: முள் 0.5 பாரைத் தொட்டதும் நீராவிக் குழாயைத் திறந்தால், உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறி முள் ஏறத்தாழ பூஜ்யத்துக்கு விழுந்துவிட்டது. அதன்பின் மீண்டும் ஏறிய அழுத்தமே நீராவியின் உண்மையான அழுத்தம்.

14 கிராம் தூள். நெம்புகோலை உயர்த்தி, நீர் தூளில் ஊற எட்டு விநாடி கொடுத்து, பிறகு அழுத்தினேன். கைக்கு எதிராக ஒரு திண்மை வந்தது. வில்லை வளைப்பது போன்ற, சீராக வளரும் எதிர்ப்பு. கருஞ்சிவப்பில் தொடங்கித் தேன் நிறத்துக்கு மாறிய இழை கோப்பையில் இறங்கி, 28 கிராமில் நிறுத்தினேன். இனிப்பும் புளிப்பும் தெளிவாக இருந்தன.

இரண்டாவது கோப்பை முதலாவதைவிடவும் நன்று. மூன்றாவதில் நெம்புகோல் பஞ்சுபோல் அமுங்கியது, காபி கசந்தது. கொதிகலனில் நீர் 115 பாகை செல்சியஸுக்கும் மேலே இருக்கிறது. உருளையின் உலோகம் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால்தான் நீர் காபிக்கு ஏற்ற அளவுக்குத் தணிகிறது. அடுத்தடுத்து வடித்தால் உருளையே சூடேறி, தணிக்கும் திறனை இழந்துவிடுகிறது. ஈரத்துணியை அதன்மேல் சுற்றி மூன்று நிமிடம் விட்டேன். நான்காவது கோப்பை மீண்டும் இரண்டாவதைப் போலவே வந்தது.