முச்சந்தியில் விரிக்கும் பாய்

மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊருக்கு 2007ஆம் ஆண்டிலிருந்து பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அதற்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை. அம்மாவின் வாயில் இன்றும் பழைய பெயர்தான் வரும். காரில் அரை மணி நேரம் போனால் கோலசிலாங்கூர். அங்கே புக்கிட் மெலாவாத்தி குன்றும் அதன்மேல் ஒரு கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. கம்போங் குவாந்தான் பக்கம் இரவானால் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் மொய்க்கும். இவற்றைப் பார்ப்பதற்கென்றே கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமையன்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பும் எங்கள் குடும்பம் அந்தப் பக்கம் போவதில்லை. பெரிய சாலையிலிருந்து, பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலைக்கு லாரிகள் திரும்புகிற முச்சந்தியில், கால்வாய்க்கு உட்புறமாக இருக்கும் புல்தரையில்தான் பாயை விரிக்கிறோம். எதிரே ஒரு டயர் கடை. தலைக்குமேல் மின்கம்பிகள். காற்று திசை மாறினால் ஆலையின் புளித்த வாடை வரும்.

வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஒருவர் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "கெரெத்தா ரோசாக்?", கார் பழுதா, என்று மலாயில் கேட்பார். கார் பழுதாகாமல் ஒரு குடும்பம் இந்த இடத்தில் உட்கார்ந்திருக்க முடியும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. முதலில் எனக்கும் அது கூச்சமாகத்தான் இருந்தது. பின்னர்தான் அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன், ஏன் இந்த இடம் என்று.

"காட்டுக்குள்ள போயி சோறு திங்கச் சொல்றியாம்மா? முப்பத்தோரு வருஷம் அங்கதானே தின்னேன்," என்றார்.

அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார். விடியற்காலையில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும், வெயில் ஏறினால் இலைகள் நீரை இழந்து அந்த அழுத்தம் குறைந்துவிடும் என்பதால், இருட்டில் தொடங்கினால்தான் பால் நன்றாக ஓடும். ஒரு நாளைக்கு ஐந்நூறு மரங்களுக்குக் குறையாது. எல்லா மரங்களையும் வெட்டி முடித்து, பால் வடியும் மங்குக் கிண்ணங்கள் நிரம்பட்டும் என்று காத்திருக்கிற இடைவெளியில்தான் பசியாறுவார்கள். அம்மாவின் இடம் ஒரு மரத்தின் வேர்மேடு. பழந்துணியைச் சுருட்டிக் கொளுத்திப் பக்கத்தில் புகைய விடுவார். இல்லையென்றால் கொசு தின்றுவிடும். கைகழுவினாலும் விரலிடுக்கில் காய்ந்து இறுகிய பால் போகாது. ரப்பராகிப்போன அந்த விரல்களால்தான் சோற்றைப் பிசைந்தாக வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் வானம் தெரியாது, பக்கத்தில் பார்த்தால் வரிசை வரிசையாக மரங்கள். அந்த மரங்களில் எந்த மரம் பட்டை காய்ந்தது, எது சரியாகப் பால் தராது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நகரத்திலிருந்து வருகிறவர் மரத்தடியில் உட்கார்ந்தால் ஓய்வு கிடைக்கிறது. அம்மா மரத்தடியில் உட்கார்ந்தால் அடுத்து வாளியைத் தூக்க வேண்டுமே என்ற நினைப்பு வருகிறது.

இப்போது சுற்றிலும் செம்பனைதான். இந்த நாட்டில் வணிக முறையில் செம்பனை முதன்முதலில் நடப்பட்டதே எங்கள் பகுதியில்தான், 1917இல், தென்னமரம் தோட்டத்தில். வளர்ந்த செம்பனைக் காட்டுக்குள் மட்டைகள் ஒன்றோடொன்று பின்னி, நடுப்பகலிலும் மங்கலாக இருக்கும். வெட்டிப்போட்ட மட்டைகளின் முள், பாம்பு, ஈரம் என்று உட்காரவே இடம் கிடையாது. வானம் வேண்டுமென்றால் சாலையோரத்துக்கு வர வேண்டும், அல்லது உயர் மின்னழுத்தக் கம்பிகள் போகிற பாதைக்குப் போக வேண்டும். கம்பிகளுக்கு அடியில் செம்பனை நடக்கூடாது என்பதால், காட்டைக் கிழித்துக்கொண்டு நீளமான புல்வெளி அங்கே கிடக்கும். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவரின் குடும்பம் பல வருடங்களாக அந்தப் பாதையின் ஓரத்தில்தான் பாய் விரிக்கிறது. இரும்புக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டு என்ன சாப்பாடு என்று நாங்களும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. ஒரு நாள் அவர்களோடு போய் உட்கார்ந்தேன். தடையில்லாத காற்று வந்தது, தூரத்தில் மழை இறங்குவதும் தெரிந்தது.

அம்மாவை நான் ஒருமுறை புக்கிட் மெலாவாத்திக்கு அழைத்துப் போயிருக்கிறேன். மூட்டு வலியோடு மேட்டில் நடக்க முடியவில்லை. பொட்டலத்தைப் பிரித்த உடனே குரங்குகள் சூழ்ந்துகொண்டன. கடைசியில் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். முச்சந்தியில் கார் கதவைத் திறந்து காலை ஊன்றினால் பாய். வயதானவர்கள் உள்ள குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அருவிக்கும் மலைக்கும் போகச் சொல்கிறவர்களுக்குப் புரிவதில்லை.

அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது. பழக்குலைகளைக் குவித்துக்கொண்டு லாரிகள் ஆலைக்குத் திரும்பும். வெட்டிய குலையை ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் அவித்துவிட வேண்டும். தாமதித்தால் பழத்துக்குள் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். அதனால் சனிக்கிழமையும் ஓட்டம் நிற்பதில்லை. திருப்பத்தில் லாரி குலுங்கும்போது உதிரிப்பழங்கள் சாலையில் சிதறும். செக்கச்சிவந்த அந்தப் பழத்தில் ஒன்றை அண்ணன் மகன் கொண்டுவந்து கொடுக்க, அம்மா நகத்தால் கீறி, மஞ்சளாகக் கசிந்த எண்ணெயைப் புறங்கையில் தேய்த்துக்கொண்டு, "நல்லாப் பழுத்தது" என்றார். பால்மரக்காரியான அவர் ஓய்வுக்குப் பிறகு கற்றுக்கொண்ட அறிவு இது. அதைவிட முக்கியம் மனிதர்கள். யார் வீட்டு வேன் போகிறது, யார் வீட்டுப் பெண் மோட்டார் ஓட்டப் பழகிவிட்டாள், எந்தக் கோயிலுக்குப் பந்தல் சாமான் போகிறது என்று எல்லாம் அவர் கண்ணில் படும். தோட்டம் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் காலியானபின் ஆளுக்கொரு தாமானுக்கு, குடியிருப்புப் பகுதிக்கு, சிதறிப்போன பழைய தோட்டத்து ஆட்கள், இந்தச் சாலையில்தான் எப்படியும் போய் வந்தாக வேண்டும். பாதிப்பேர் ஹார்ன் அடிப்பார்கள். சிலர் இறங்கியே விடுவார்கள்.

கவலை இல்லை என்று சொல்ல மாட்டேன். லாரிகள் திரும்புகிற இடம் என்பதால், கால்வாயைத் தாண்டிச் சாலைப்பக்கம் பிள்ளைகள் போகக்கூடாது என்பது கண்டிப்பான விதி. பெரியவர்களில் ஒருவர் எப்போதும் சாலையைப் பார்த்தபடிதான் உட்காருவார். உதிரிப்பழத்தைப் பொறுக்க அண்ணன்தான் போவார்.

போன விடுமுறையில் காரை நிறுத்தி விசாரித்தவர் ஒரு மலாய் இளைஞர், மனைவியும் கைக்குழந்தையும் உடன் இருந்தார்கள். பழுதில்லை, சாப்பிடுகிறோம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அம்மா வாழையிலையில் புளிச்சோறும் நெத்திலி சம்பலும் வைத்து நீட்டிவிட்டார். அவர்கள் சற்றுத் தயங்கி, பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். லாரி ஒன்று திரும்பியது. குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா குழந்தையைத் தன் மடியில் வாங்கி, லாரி பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.