பில்ட்-அவுட் கோடு பலன் தருகிறதா? எதை எண்ணுவது?
அமெரிக்காவில் 9, 10 வயதுக்குட்பட்டோரின் எழுவர் கால்பந்தில் 2017 முதல் பில்ட்-அவுட் கோடு உண்டு. பெனால்டி பகுதிக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே போடும் கோடு இது; நெருக்கடி இல்லாமல் பின்னாலிருந்து பாஸ் செய்து ஆடப் பிள்ளைகள் பழகவே இந்த ஏற்பாடு. கீப்பர் கையில் பந்து வந்தால் எதிரணி அந்தக் கோட்டுக்குப் பின்னால் போக வேண்டும். கீப்பர் பந்தைக் கையிலிருந்து விட்டு உதைக்கக் கூடாது.

பலனை அளக்க கோல் கணக்கு உதவாது. வேகமான ஒரு பையன் போதும், கணக்கே புரண்டுவிடும். கீப்பர் பந்தை விடும் ஒவ்வொரு முறையும் குறியுங்கள்: கைமாறாமல் நடுக்கோட்டைத் தாண்டியதா? முன்பே பறிபோனதா? பறிபோன 10 விநாடிக்குள் ஷாட் வந்ததா? கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விதியின் விலை அங்கேதான் தெரியும்.

எதிரணி பின்வாங்குமுன் கீப்பர் ஆடிவிட்டால் தனியாக எழுதுங்கள். மேட்சுக்கு எத்தனை என்று பார்க்காமல், 100 முறைக்கு எத்தனை என்று ஒப்பிடுங்கள். சீசன் தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிட்டால், பிள்ளைகள் தேறியதும் அதில் கலந்துவிடும்.